பீரோச் சாவி யாரிடம்? டெல்டா பள்ளிகளும் தலைமையாசிரியர்களும்

திருவாரூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. தலைமையாசிரியர் அறையில் பச்சை நிற இரும்பு பீரோ. அதற்குள் ரப்பர் பேண்டு கழற்றாத வரைபடச் சுருள்கள், அட்டைப் பெட்டியிலேயே தூங்கும் இரண்டு நுண்ணோக்கிகள், கட்டுப் பிரிக்காத கதைப் புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் இருப்புப் பதிவேட்டில் வரிசை எண் உண்டு. தணிக்கைக்கு யார் வந்தாலும் ஒரு பொருள்கூடக் குறையாது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், நுண்ணோக்கியைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "புத்தகத்துல படம் இருக்கு சார்" என்றது ஒரு பெண்.

அந்தத் தலைமையாசிரியர் சோம்பேறி அல்லர். எட்டரை மணிக்கே பள்ளியில் இருப்பார். பொதுப்பணத்தில் ஒரு ரூபாய் தொடாதவர். பொருள் உடைந்தாலோ காணாமல் போனாலோ தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற பயம்தான் அவருக்கு. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் விலையைக் கொடுப்பது பிள்ளைகள். பள்ளிக்கு என்ன கிடைத்தது என்று மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான் தெரியும். கிடைத்தது பிள்ளையின் கைக்குப் போனதா என்பது மீதிக் கணக்கு. இரண்டு இடத்திலும் தலைமையாசிரியரின் குணம் குறுக்கே நிற்கிறது, அல்லது கைகொடுக்கிறது.

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கடைமடை வயலுக்கு வந்து சேர்வதற்குள் எத்தனை மதகு, எத்தனை வாய்க்கால் தலைப்பு! வாய்க்கால் தூர்ந்து கிடந்தால், அணை நிரம்பி வழிந்தும் வயலில் தண்ணீர் ஏறாது. பள்ளிகள் திறப்பதும் அதே ஜூன் மாதத்தில்தான். கோட்டையில் ஒதுக்கும் பணத்துக்கும் பொருளுக்கும் கடைசி மதகு தலைமையாசிரியரின் மேசை.

கேட்டால் வருவதும் கேட்காமல் வருவதும்

ஒரு அரசுப் பள்ளிக்கு எத்தனை வழியில் வளம் வர முடியும் என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியர்களுக்கும் முழுதாகத் தெரிவதில்லை.

பாடநூல், நோட்டு, சீருடை, காலணி என விலையில்லாப் பொருட்கள் தாமாக வந்துவிடும். காலை உணவுத் திட்டமும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 25இல் திருக்குவளையில் தொடங்கிவைத்து மாநிலம் முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அதை விரிவாக்கினார்கள். 2018இல் வந்த சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தின் மானியம் தலை எண்ணிக்கையைப் பார்த்து வருகிறது. 30 மாணவர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். அதில் பத்தில் ஒரு பங்கையாவது துப்புரவுக்குச் செலவிட வேண்டும். நூலகத்துக்கும் விளையாட்டுக்கும் தனித்தனியே சிறு தொகை உண்டு.

கேட்டால் மட்டுமே வருகிற பட்டியல் இதைவிட நீளம். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு 5 கோடி. நமக்கு நாமே திட்டத்தில் ஊரார் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் சுற்றுச்சுவர் வந்ததுண்டு. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் கொடுக்கலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் சொல்கிறது. இவற்றில் ஒன்றுகூடப் பள்ளி வாசலுக்குத் தானாக நடந்து வராது.

முதல் வகைப் பணமும் பார்க்கப்போனால் அப்படித் தானாக வருவதில்லை. 30 பிள்ளை என்றால் 10,000, 31 என்றால் 25,000. ஒரு பிள்ளையில் 15,000 ரூபாய் வித்தியாசம். கணக்குக்கு அடிப்படை குறிப்பிட்ட ஒரு நாளின் மாணவர் எண்ணிக்கை. அந்த விவரத்தை எமிஸ் என்ற கல்வித் துறையின் இணையதளத்தில் சரியாக ஏற்ற வேண்டியது தலைமையாசிரியர். குறுவை அறுப்புக்காக வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பத்துப் பிள்ளை, செங்கல் சூளைக்குப் போன பெற்றோர் பாட்டியிடம் விட்டுச் சென்ற பிள்ளை, பக்கத்து ஊர்ப் பள்ளியில் பெயர் நீக்காமல் கிடப்பதால் இங்கே சேர்க்க முடியாத பிள்ளை என்று தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தவரின் பதிவேடு வேறு மாதிரி இருக்கும். ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயமும் நடக்கிறது. அதில் ஓர் ஆசிரியர் 'உபரி' என்று எழுதப்பட்டு, பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விட்டால் அந்த இழப்பை எந்த நன்கொடையாலும் ஈடுகட்ட முடியாது. நான் பெரிதாக மதிக்கும் தலைமைப் பண்பு, மேடைப் பேச்சு அல்ல, இந்தத் தெரு நடைதான்.

அப்புறம் கேட்கும் விதம். "எங்கள் பள்ளிக்குக் கட்டடம் வேண்டும்" என்று ஒரு வரி மனு கொடுப்பவர் உண்டு. ஊராட்சி ஒன்றியப் பொறியாளரை அழைத்துவந்து அளந்து, மதிப்பீடு வாங்கி, பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தையும் படங்களையும் இணைத்து, கிராமசபையிலும் ஒரு தீர்மானம் போட்டு எடுத்துப் போகிறவரும் உண்டு. நிதியாண்டு முடிகிற நேரத்தில், எங்காவது செலவிட வேண்டிய தொகை மிச்சமிருக்கும்போது, அலுவலகத்தில் எந்தக் கோப்பு கைக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

டெல்டாவில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகள் பலவும் மிராசுதாரர்களோ ஊர்ப் பெரியவர்களோ கொடுத்த இடத்தில் நிற்பவை. வாய்வார்த்தையாகக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது போதுமாக இருந்தது. இன்று கட்டட நிதி வரும்போது, பட்டா யார் பெயரில் என்று கேட்கிறார்கள். கொடுத்தவரின் பேரன் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். ஒரு பெண் தலைமையாசிரியர் இதற்காக மூன்று வருடம் அலைந்ததை அருகில் இருந்து பார்த்தேன். கிராம நிர்வாக அலுவலரிடம் நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டு நகல், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று, கொடுத்தவர் வீட்டுக்கு நாலைந்து நடை. ஒவ்வொரு தடவையும் அந்த வீட்டுப் பெரியம்மாவிடம், "உங்க மாமனார் பேரைச் சுவத்துல எழுதி வைக்கிறோம்மா, பிள்ளைங்க தினமும் படிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவார். கோபப்பட்டதில்லை, அவசரப்படுத்தியதும் இல்லை. கடைசியில் அந்தப் பெரியம்மாவே மகனை ஊருக்கு வரச் சொல்லிக் கையெழுத்துப் போடவைத்தார். பொறுமை என்று ஒரே சொல்லில் இதைச் சொல்லிவிடலாம். ஆனால் மூன்று வருடம் அது என்ன வேலை வாங்குகிறது என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஊரின் பருவம் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வயலில் தண்ணீர் நிற்கும்போது ஊரில் யாரிடமும் பணம் கேட்கக்கூடாது. சம்பா அறுத்து, நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வந்த பிறகு, மாசி, பங்குனியில் கேட்டால் பேச்சே வேறு. கோயில் திருவிழாவுக்கு வெளியூர்க்காரர்கள் வந்து நிற்கும் நாட்கள் இன்னொரு வாய்ப்பு. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் என்றால் வெளிநாட்டில் இருப்பவர்கள் விடுப்பில் வரும் மாதம் எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக் கேட்டதில் பூத்த அழகான வழக்கம் கல்விச் சீர். தாய்மாமன் சீர் கொண்டுவருவதுபோல் ஊரார் மேளத்தோடு, தாம்பூலத் தட்டோடு பள்ளிக்கு ஊர்வலமாக வருவார்கள். நாற்காலி, மின்விசிறி, பீரோ, தண்ணீர்க் குடம், நோட்டுக் கட்டு. அந்த ஊர்வலத்தை நேரில் பார்த்தால் மனம் நிறையும். அதையும் முறைப்படுத்தத் தெரிய வேண்டும். ஒரு பள்ளியில் சீராக வந்த சுவர்க் கடிகாரங்கள் மட்டும் பதினொன்று. அந்தப் பள்ளியில் வகுப்பறை நான்கு, கழிப்பறைக் குழாயில் திருகு இல்லை. விழாவுக்கு முந்தைய மாதமே, "எங்களுக்கு இது இது வேண்டும், இது வேண்டாம்" என்று பட்டியல் எழுதி டீக்கடையிலும் கொள்முதல் நிலையத்திலும் ஒட்டும் தலைமையாசிரியருக்குக் குழாய்த் திருகும் சீராக வரும். ஊரார் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லும் துணிவும், அவர்கள் மனம் கோணாமல் சொல்லும் நயமும் சேர்ந்து வாய்க்க வேண்டும்.

கணக்கைத் திறந்து வைத்தவர்

ஒரு முறை கேட்டு வாங்கிவிடலாம். இரண்டாம் முறை ஊர் கொடுக்குமா என்பது முதல் முறை வாங்கியது என்ன ஆயிற்று என்பதில் இருக்கிறது.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு தொடக்கப் பள்ளியில் பார்த்தேன். வாசலில் நுழைந்ததும் ஒரு பழைய கரும்பலகை. அதில் சுண்ணக்கட்டியால் வரவு, செலவு, இருப்பு. 'மோட்டார் காயில் கட்டியது 2,800. பழைய செம்புக் கம்பி விற்ற வரவு 640.' அந்த 640 ரூபாயைப் பார்த்ததும் எனக்கு அந்தப் பள்ளியைப் பற்றி வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பழைய கம்பி விற்ற காசை யாரும் கேட்கப் போவதில்லை. அதையும் எழுதியிருக்கிறார். அந்த ஊரில் பள்ளிக்கு என்று போனால் ஏழைக் குடும்பம்கூட ஐம்பது, நூறு தயங்காமல் தருகிறது.

தலைமையாசிரியருக்குச் 'செல்வாக்கு' இருந்தால் போதும், எல்லாம் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். செல்வாக்கால் ஒரு கட்டடம் வரலாம். அந்த அமைச்சர் மாறினால், அந்த அதிகாரி மாற்றலாகிப் போனால், கதவு சாத்தப்படும். கணக்குப் பலகையால் வந்த நம்பிக்கை ஆள் மாறினாலும் ஊரில் தங்குகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவும் இங்கேதான் வருகிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் 20 பேர் கொண்ட குழுவாக மாற்றியமைத்தார்கள். 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர். தலைவர் பெரும்பாலும் ஒரு தாய். சட்டம் அவ்வளவு தூரம் வந்துவிட்டது. மீதித் தூரம் தலைமையாசிரியர் கையில். தீர்மானப் பதிவேட்டை வீடு வீடாக அனுப்பிக் கையெழுத்து வாங்குபவர் உண்டு. வயல் வேலை முடிந்து பெண்கள் வரக்கூடிய நாலு மணிக்குக் கூட்டத்தை வைத்து, தலைவியின் கணவர் முன்னால் வந்து உட்கார்ந்தாலும், "நீங்க சொல்லுங்கம்மா, எதை முதல்ல செய்யலாம்?" என்று அந்த அம்மாவைப் பார்த்தே கேட்பவரும் உண்டு. அப்படிக் கேட்ட ஒரு கூட்டத்தில் வந்த பதில்: "ஸ்மார்ட் போர்டெல்லாம் இருக்கட்டும் டீச்சர். பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூம் கதவுல தாப்பாள் இல்லை." அறுபது ரூபாய்த் தாழ்ப்பாள். எந்தத் திட்ட அறிக்கையிலும் வராத தேவை அது.

நம் ஊர்களில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊர்த் தெரு, காலனித் தெரு என்று பிரிந்து கிடக்கும் இடத்தில் பள்ளியின் வளம் எந்தத் தெரு வழியாக வருகிறது என்பதும் அரசியல்தான். பெரிய நன்கொடை தருபவர், ஆண்டு விழாவில் முன்வரிசை நாற்காலியும் குழுவில் தன் ஆளும் கேட்பார். தலைமையாசிரியர் ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கத்துப் பெற்றோர் பிள்ளைகளை வேனில் ஏற்றி நர்சரிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள். வந்த நன்கொடையைவிட அந்த இழப்பு பெரிது. இரண்டு தெருவிலும் கைநனைக்கும், அதாவது வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும், தலைமையாசிரியரை இரண்டு தெருவும் நம்பும். டெல்டாவில் கைநனைத்தல் என்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்.

பூட்டி வைப்பதும் பழுது பார்ப்பதும்

மறுபடியும் அந்தப் பச்சை பீரோவுக்கு வருகிறேன். பயத்தால் பூட்டுவது தனிமனிதக் குறை மட்டும் அல்ல. தணிக்கையில் நுண்ணோக்கி இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள், எத்தனை பிள்ளை அதில் கண் வைத்தது என்று யாரும் கேட்பதில்லை. இருந்தும் அதே விதிகளுக்குள் பீரோவைத் திறந்தவர்கள் இருக்கிறார்கள். நான் பார்த்த ஒருவர், நூலகப் புத்தகங்களை வகுப்பறையில் கொடி கட்டித் தொங்கவிட்டிருந்தார். துணிக்கு மாட்டும் கிளிப்தான். பதிவேட்டில் குறிப்புப் பத்தியில், 'கிழிந்தது, ஒட்டப்பட்டது', 'மழையில் நனைந்தது, குழுவில் தெரிவிக்கப்பட்டது' என்று தேதியோடு எழுதி, மேலாண்மைக் குழுத் தலைவியின் கையெழுத்தும் வாங்கியிருந்தார். படித்துக் கிழிந்த புத்தகம் நட்டம் அல்ல என்பதை அவர் விதியை மீறிச் சொல்லவில்லை, விதியின் மொழியிலேயே எழுதி வைத்தார். சாவி வகுப்புத் தலைவியிடம் இருந்தது.

பராமரிப்பு இதைவிடக் கவனிக்கப்படாத விஷயம். புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, ஓடு மாற்றியதற்கு யார் விழா எடுப்பார்? வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் என்பது தெரிந்ததுதான். செப்டம்பரிலேயே மொட்டை மாடியில் சருகைக் கூட்டி மழைநீர்க் குழாய் அடைப்பை எடுத்தால் செலவு ஒரு ஆள் கூலி. எடுக்காவிட்டால் தண்ணீர் தேங்கி, கம்பி துருப்பிடித்து, நாலைந்து வருடத்தில் கூரைப் பூச்சு பெயர்ந்து விழும். தார்ச்சாலையை ஒவ்வொரு முறையும் உயர்த்தி உயர்த்திப் போட்டதில் பள்ளி வளாகம் பள்ளமாகிப்போன ஊர்கள் எத்தனை! சாலை வேலை தொடங்கும் முன்பே ஊராட்சியிடம் போய் வடிகால் கேட்டவரின் பள்ளியில் கார்த்திகை மாதம் இறைவணக்கக் கூட்டம் தரையில் நடக்கிறது. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே கரை ஏறியபோது ஓடும் தகரமும் பறந்தன. எது இருந்தது, எது போனது என்று சேத விவரம் எழுதிக் கொடுக்க இருப்புப் பதிவேடுதான் கை கொடுத்தது. அதைப் பரணில் ஏற்றி வைத்திருந்தவர் பிழைத்தார்.

கும்பகோணத்தை நினைக்காமல் டெல்டாவில் பள்ளிப் பராமரிப்பைப் பற்றி எழுத முடியாது. 2004 ஜூலை 16. சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள். அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் போயின. சமையல் கூடம் எங்கே இருக்கிறது, வெளியே போகும் வழியில் உடைந்த பெஞ்சுகள் குவிந்திருக்கின்றனவா, மாடிப்படிக் கதவு உள்பக்கம் பூட்டியிருக்கிறதா என்று தினமும் ஒரு சுற்று சுற்றி வருவதைப் பல தலைமையாசிரியர்கள் இன்றும் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். கழிவு நீக்கம் செய்ய வேண்டிய பழைய மரச்சாமான்களுக்கு உத்தரவு வாங்க ஆறு மாதம் ஆகும் என்பதற்காக அதை வராந்தாவிலேயே போட்டு வைக்கும் பள்ளியைப் பார்த்தால் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருகிறது.

இவ்வளவும் செய்ய அவருக்கு நேரம் ஏது? டெல்டா கிராமங்களில் ஈராசிரியர் பள்ளிகள் ஏராளம். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், அவர்களில் ஒருவர்தான் தலைமையாசிரியர். எமிஸ் பதிவு, காலை உணவு விவரம், வட்டார வள மையக் கூட்டம், நடுவே நாலாம் வகுப்புக்கு வகுத்தல் கணக்கு. பணியிடம் காலியாக இருந்தால் 'பொறுப்பு' என்று ஒருவரை உட்கார வைத்துவிடுகிறார்கள். பொறுப்புத் தலைமையாசிரியர் எந்தத் துணிவில் ஊரைக் கூட்டிப் பணம் கேட்பார்? பதவி உயர்வு பணிமூப்பில் வருகிறது. கணக்கு எழுதவும் மதிப்பீடு படிக்கவும் கூட்டம் நடத்தவும் பயிற்சி பெரும்பாலும் பதவிக்கு வந்த பிறகுதான், அதுவும் ஓரிரு நாள். எனவே நல்ல தலைமையாசிரியர் கிடைத்த ஊர் அதிர்ஷ்டமான ஊர் என்ற நிலை இருக்கிறது. அரசுப் பள்ளியை அதிர்ஷ்டத்தில் விடக்கூடாது.

மேலே இருந்தே தண்ணீர் வராவிட்டால் மதகைத் திறந்து என்ன பயன் என்பதும் உண்மை. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை, பிஎம் ஸ்ரீ என்ற பள்ளித் திட்டத்தின் ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்துப் போடாததைக் காரணம் காட்டி ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. எந்தத் தலைமையாசிரியரின் சாமர்த்தியமும் அந்தப் பள்ளத்தை நிரப்பாது. அந்த ஆண்டிலும் மழைக்கு முன்னால் மாடியைக் கூட்ட வேண்டியிருந்தது. கரும்பலகைக் கணக்கு ஊரிடம் சேர்த்து வைத்திருந்த நம்பிக்கையிலிருந்து அந்தக் கூலி வந்தது.

போன வருடம் மே மாதக் கடைசியில் அந்தக் கரும்பலகைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். பொறுப்பு ஒப்படைக்கும்போது நான் அங்கே இருந்தேன். ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, தீர்மானப் பதிவேடு, சாவிக் கொத்து என்று ஒவ்வொன்றாக எண்ணிக் கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் முடிந்ததும் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். அது எந்தப் பட்டியலிலும் இல்லை. மோட்டார் பழுது பார்ப்பவர், ஓடு மாற்றத் தெரிந்த கொத்தனார், துபாயில் இருக்கும் முன்னாள் மாணவர்கள் ஊருக்கு வரும் மாதம், யாரிடம் எப்போது கேட்கலாம், யாரிடம் கேட்கவே வேண்டாம், யார் வீட்டில் இப்போது கஷ்டம். "இதுக்குக் கையெழுத்து வேண்டாம்மா" என்று புதிதாக வந்தவரிடம் கொடுத்தார். அந்த அம்மா முதல் பக்கத்தைத் திருப்பியபடியே, "சார், அந்தக் கரும்பலகைக்குச் சுண்ணக்கட்டி எங்கே வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.